மேடத்துக்கு நாலு வரி

ஏப்ரல் 4

கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரை போனில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், நீயும் "ம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த "ம்"முக்குள் இவ்வளவு பெரிய விஷயம் ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெரியம்மா வாய் தவறிச் சொன்னாள். "அவ கடையிலேருந்து இன்னும் வரல" என்றாள். "என்ன கடை?" என்றேன். அதற்குப் பிறகு அவள் இருமினாள் பார், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டிசம்பரிலிருந்து நீ பள்ளிக்கூடம் போகவில்லை. ஜெராக்ஸ் கடையில் வேலை. பெரியம்மாவும் நீயும் சேர்ந்து என் காதில் நன்றாகப் பூச் சுற்றியிருக்கிறீர்கள்.

உன் அப்பா போனபின் நான் வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்து இன்னொருவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பது எதற்கு என்று உனக்குத் தெரியும். அதைத் திரும்பவும் எழுதிக் கையை வலிக்க வைத்துக்கொள்ள மாட்டேன்.

நான் வரப்போகிறேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வந்து, உன்னைக் கையோடு கூட்டிப்போய்ச் சேர்க்கப்போகிறேன். ஆனால் அதற்கு லீவு கேட்க வேண்டும். இந்த வீட்டில் எதையும் வாயால் கேட்டு வாங்க முடியாது. மேடத்தின் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவருக்கு வராது, இரண்டு பேருக்கும் நடுவில் இங்கிலீஷ் நொண்டிக்கொண்டு நிற்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தம், அதற்கடியில் ஒரு தாள். உப்பு தீர்ந்தால், பல்பு போனால் அதில் எழுத வேண்டும். மேடம் காபி குடித்தபடி படிப்பார், டிக் போடுவார், சாயங்காலம் உப்பு வந்துவிடும். வாயால் சொன்னால் "ஓகே, ஓகே" என்பார். ஒன்றும் வராது.

உப்பு, சோப்பு, பல்பு இவற்றுக்கெல்லாம் இங்கிலீஷ் எழுத்து எனக்கு மனப்பாடம். மகளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ எழுதி அனுப்பு. நான் பார்த்து எழுதிவிடுவேன், அச்சுப்போல வரும். 'மகள் படிப்பை நிறுத்திவிட்டாள், அதனால் நான் ஊருக்குப் போகணும்.' இவ்வளவுதான் வேண்டும்.

போனில் சொல்லாதே. போனில் உன்னைவிடப் பெரியம்மா வீட்டுக் கடிகாரம்தான் அதிகமாகப் பேசுகிறது. எழுது.

அம்மா


ஏப்ரல் 16

அம்மா,

இந்தத் தாளின் பின்பக்கம் கருப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. கடையில் மை அதிகமாக விழுந்து வீணான ஜெராக்ஸ். அண்ணன் இப்படிப்பட்ட தாள்களைத் தூக்கிப்போட மாட்டார், எனக்குக் கொடுத்துவிடுவார்.

கடையைப் பற்றி நீ தப்பாக நினைத்திருப்பாய், அதனால் சொல்கிறேன். கல்லூரிச் சாலையில் இருக்கிறது. மூன்று பேர். கடைக்கார அண்ணன் மெஷினில் நிற்பார். பைண்டிங் அக்கா தாள்களைச் சுருள்கம்பியில் கோப்பாள். நான் ஓரத்தில் துளை போடும் மெஷினில். கைப்பிடியை அழுத்தினால் வரிசையாகத் துளை விழும். ஆசைப்பட்டு நிறையத் தாளைச் செருகினால் கடித்துக்கொண்டு விடாது. சுவரைப் பார்த்து உட்காரும் இடம். யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். நேற்று மட்டும் ஒருவர், "எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்டுவிட்டார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "பத்து நிமிஷமா, பத்து நாளா?" என்றார். பைண்டிங் அக்கா தலையைத் தூக்காமல், "அது நீங்க எப்படிக் கேக்கறீங்கங்கறதைப் பொறுத்து சார்" என்றாள்.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். 'அதனால்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நாங்கள் துளை போட்ட ஓர் இங்கிலீஷ் வழிகாட்டியில் அந்த ஒரு சொல்லுக்கே ஒரு பக்கம் முழுவதும் இருக்கிறது. ஸோ. தேர்ஃபோர். ஹென்ஸ். அஸ் எ ரிசல்ட். கான்ஸிக்வென்ட்லி. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். அந்தப் பக்கத்தில் எல்லாம் சுலபமாக நடக்கிறது. மழை பெய்கிறது, ஆட்டம் நின்றுவிடுகிறது. ஒருவன் தூங்கிவிடுகிறான், ரயில் போய்விடுகிறது. யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பைண்டிங் அக்காவிடம் காட்டினேன். "ஒரு அதனாலவுக்கு இத்தனையா? என்ன, வீட்டுல போட ஒண்ணு, வெளியில போட ஒண்ணா?" என்றாள். எனக்கும் அதுதான் சந்தேகம். மேடத்துக்கு எதைப் போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. மேடம் என்னைப் பார்த்ததில்லை. என்னைப் பற்றி அவர் படிக்கப்போகும் முதல் வரி இது. உப்பு தீர்ந்தது, பல்பு போனது, மகள் படிப்பை நிறுத்தினாள். அந்தத் தாளில் அப்படித்தானே இருக்கும்?

யோசித்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. பெரியம்மா வருத்தமாக இருக்கிறாள். மறைத்ததற்கு அல்ல, வாய் தவறியதற்கு.

நான்


ஏப்ரல் 28

கண்ணுக்கு,

நான் கேட்டது ஒரு வரி. வந்தது ஒரு பாடம். படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது, பிறகு அந்தப் பைண்டிங் பெண் சொன்னதை நினைத்து மறுபடி சிரித்தேன். ஏதாவது ஒன்றைப் போடு. மேடம் என்ன பரீட்சைத் தாளா திருத்தப்போகிறார்?

ஆனால் காரணம் தெளிவாக இருக்கட்டும். ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் பழம் வைக்கிற கண்ணாடிப் பாத்திரம் உடைந்தது. என் கையில்தான். தாளில் 'கிளாஸ் புரோக்கன்' என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லும் எனக்கு முன்பே தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே. சாயங்காலம் பார்த்தால், டிக்குக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி. எப்படி உடைந்தது என்கிறாரா, எது உடைந்தது என்கிறாரா, இன்னுமா உடைக்கிறாய் என்கிறாரா, ஒன்றும் விளங்கவில்லை. துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து மேசைமேல் வைத்தேன். மேடம் அதைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என் கையை இழுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெட்டுப்பட்டிருக்கிறதா என்று. நல்ல மனுஷிதான். கத்த மாட்டார். பேசவும் மாட்டார். லீவு கேட்டு அதற்கும் ஒரு கேள்விக்குறி வந்தால் நான் எதைப் பொதிந்து வைப்பது?

காரணம் என்றதும்தான் நினைவு வருகிறது. நீ எனக்கே இன்னும் சொல்லவில்லை. கடையைப் பற்றி இவ்வளவு எழுதியவள், பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. பெரியம்மாவைக் கேட்டால், "வயசுப் பொண்ணு, கண்ணெதிர்ல இருந்தா என்ன, நீ ஏன் அங்கேருந்து குதிக்கற?" என்கிறாள். எனக்கு உன்னைத் தெரியும். நீ படிப்பு ஏறாமல் நின்றவள் அல்ல. யாராவது ஏதாவது சொன்னார்களா? அடித்தார்களா? ஊமைக்கோட்டான் மாதிரி இருக்காதே. பக்கத்தில் இருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். இங்கிருந்து முகம் தெரியவில்லை.

சீக்கிரம் எழுது. சேர்க்கை முடிந்துவிட்டால் நான் வந்தும் பிரயோஜனம் இல்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. என் அறையில் ஜன்னல்கூட இருக்கிறது.

அம்மா


மே 9

அம்மா,

சொல்கிறேன். பெரியம்மாவிடம் கேட்காதே, அவளுக்குத் தெரியாது.

நீ இங்கே இருந்தபோது ஒவ்வொரு வருடமும் முதல் வாரம் பள்ளிக்கு வருவாய். டீச்சர் மேசைப் பக்கத்தில் நின்று, "இவள எழுந்து படிக்கச் சொல்லாதீங்க டீச்சர். எழுதச் சொல்லுங்க. எவ்வளவு வேணா எழுதுவா" என்பாய். நான் உன் பின்னால் நிற்பேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் அம்மா வந்து இப்படி ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த வருடம் புது இங்கிலீஷ் டீச்சர். யாரும் போய்ச் சொல்லவில்லை.

அவர் வரிசையாகப் படிக்கச் சொல்வார், ஆளுக்கு ஒரு வாக்கியம். எனக்கு முன்னால் இருப்பவர்களை எண்ணி, என் வாக்கியம் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருப்பேன். மற்றவர்கள் படிப்பது எதுவும் காதில் விழாது. என் முறை வந்ததும் அதைக் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படியே கொஞ்ச காலம் ஓடியது. ஒருநாள் எனக்கு முன்னால் இருந்தவள் தன் வாக்கியத்தோடு அடுத்ததையும் சேர்த்துப் படித்துவிட்டாள். அது என்னுடையது. நான் எழுந்தேன். வாயில் எதுவும் இல்லை.

டீச்சர் திட்டவில்லை. "பரவால்ல, மெதுவா படி. படிக்கறவரைக்கும் நில்லு" என்றார். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் சிரித்துக்கொண்டே, "நேத்து விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார். மறுபடியும் மணி அடிக்கும்வரை நின்றேன். அதற்கு அடுத்த நாள் பள்ளி வாசலில் கால் திரும்பவில்லை. நேராக நடந்துகொண்டே இருந்தேன். ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. உள்ளே போய் அதை விரலால் காட்டினேன். அண்ணன், "பேச வருமா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "ரொம்ப நல்லது. பேசறதுக்கு இங்க ஏற்கெனவே ஒருத்தி இருக்கா" என்று பைண்டிங் அக்காவைக் காட்டினார்.

இவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை. இதில் எந்த இடத்தில் 'தேர்ஃபோர்' போடுவது என்று பார்த்தேன். நீ போனாய், அதனால் டீச்சரிடம் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் நின்றேன், அதனால் நீ வருகிறாய். முழுவதையும் எழுதினால் ஃப்ரிட்ஜ் கதவு போதாது. ஆகவே ஆரம்பத்தை வெட்டிவிட்டேன். நீ போனதை எழுதவில்லை. அது மேடத்துக்குத் தெரிந்ததுதானே.

தனித் தாளில் இங்கிலீஷ் இருக்கிறது. ஒரே விஷயத்தை நான்கு விதமாக எழுதியிருக்கிறேன். எல்லா வரியிலும் முதலில் 'மை டாட்டர் ஹாஸ் ஸ்டாப்டு ஸ்கூல்', கடைசியில் 'ஐ வாண்ட் டு கோ ஹோம்'. நடுவில் இருப்பது மட்டும் மாறும். முதல் வரியில் ஸோ, அது கல்லூரிப் பிள்ளைகள் கவுண்டரில் பேசுவது. இரண்டாவதில் தேர்ஃபோர், கணக்குப் புத்தகத்தில் வரும். மூன்றாவதில் அஸ் எ ரிசல்ட், செய்தித்தாளில் விபத்துக்குப் போடுகிறார்கள். நான்காவதில் கான்ஸிக்வென்ட்லி. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "வக்கீல் நோட்டீஸா விடப்போற?" என்றார். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. நீ உனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து எழுது.

பயமாக இருக்கிறது. லீவு கேட்டதற்காக மேடம் உன்னை ஒரேயடியாகப் போகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அப்படிச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நான்


மே 21

கண்ணுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம். ஜூன் முதல் வாரம் வீட்டில் இருப்பேன். எப்படிக் கிடைத்தது என்பதைக் கேள், ஆனால் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

நீ ஒன்றை எடுத்து எழுதச் சொன்னாய். எனக்குப் புரிந்தது. ஃப்ரிட்ஜ் தாளில் உனக்குப் பிடித்த அந்த இரண்டாவது வரியைத்தான் எழுதினேன். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அதற்கு மேலே 'சால்ட் ஃபினிஷ்டு'. அதற்கும் மேலே 'பாத்ரூம் பல்ப்'. எனக்கு மனசு கேட்கவில்லை. உப்புக்கும் ஒரு வரி, மகளுக்கும் ஒரு வரியா? மேடம் காபியோடு காபியாக டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். நீயோ நாலு வரியையும் அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய், மூன்றை ஏன் வீணாக்குவது? அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். நாலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். பார்த்தால் முழுக் கடிதம் மாதிரி கம்பீரமாக இருந்தது. அந்தக் கடைசி வரியின் நீளச் சொல்லை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

காலையில் ஃப்ரிட்ஜைத் திறக்க வந்த மேடம் திறக்கவில்லை. நின்று படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். "ஹோம்" என்றார். அடுத்த வரி. "ஹோம்." நாலாவது தடவை சொல்லும்போது குரல் மாறியிருந்தது. சரி, இன்றைக்குத்தான் கத்தப்போகிறார் என்று நான் அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, "சிட்" என்றார். அந்த நாற்காலியைத் தினமும் துடைக்கிறேன், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். "டாட்டர்?" என்றார். "டாட்டர்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எவ்வளவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறக்கிறேன், உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே ஒன்றும் வரவில்லை. நீ வகுப்பில் எப்படி நின்றிருப்பாய் என்று அப்போது தெரிந்தது எனக்கு.

மேடத்தின் காபி ஆறிப்போய்விட்டது. காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, மூன்று வாரத்தைப் பேனாவால் வளைத்தார். "கோ" என்றார்.

மத்தியானம் பக்கத்து வீட்டில் வேலை செய்கிற பெண்ணிடம் உன் தாளைப் பெருமையாகக் காட்டினேன். நம் பாஷைக்காரி, இங்கிலீஷும் கொஞ்சம் வரும். "அக்கா, நாலையுமா எழுதிக் குடுத்தீங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு இருக்கு. முதல் நாள் பள்ளிக்கூடத்துல விட்ட புள்ள மாதிரி." நானும் சேர்ந்து சிரித்தேன். எழுதும்போது அது எனக்கு வெறும் எழுத்தாகத்தான் இருந்தது. அவள் நம் பாஷையில் வாய்விட்டுச் சொன்னதும் என்னவோ ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். இங்கே வந்ததிலிருந்து அதை நான் யாரிடமும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அந்த டீச்சரை நான் வந்து பார்க்கிறேன். சண்டை போட மாட்டேன். வருடா வருடம் சொல்வதைச் சொல்வேன். நீ வழக்கம்போல என் பின்னால் நின்றால் போதும்.

மூன்று வாரம் முடிந்ததும் நான் திரும்ப வேண்டும். இதை இப்போதே எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அப்புறம், நீ ஆரம்பத்தை வெட்டினாய் அல்லவா, அதைக் கவனித்தேன்.

அம்மா


ஜூன் 2

அம்மா,

இது தபாலில் வராது. போட்டால் நீ புறப்பட்ட பிறகு மேடம் வீட்டுக்குப் போய்ச் சேரும். பெரியம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன், வாசலில் தருவாள். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படித்திருப்பாள்.

நீ வந்ததும் பெரியம்மா பேசுவாள், பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வந்து பேசுவார்கள், நீ பேசுவாய். எனக்கு "ம்" தான் வரும். அதனால் இதை முதலில் படி. பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் படித்தாலும் சரி.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். பால் பொங்கிய இடத்தில் சிரித்துவிட்டேன், சத்தமாக. பைண்டிங் அக்கா, "அண்ணே, துளை மெஷின்லேருந்து ஏதோ சத்தம் வருது பாருங்க" என்றாள். அண்ணன் நிஜமாகவே எழுந்து வந்து பார்த்தார். மேடத்தின் பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன இடம் வந்ததும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நாலு வரியையும் எழுதியது நான்தான். எழுதும்போது எனக்கும் வெறும் எழுத்தாகத்தான் இருந்தது.

பள்ளிக்குப் போகிறேன். ஆனால் டீச்சரிடம் நீ பேச வேண்டாம். நீ சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார், கெட்டவர் அல்ல. மூன்று வாரத்தில் நீ போய்விடுவாய். அடுத்த வருடம் வேறொரு டீச்சர் வருவார். அப்போது என்ன எழுதி லீவு வாங்குவாய்?

நானே எழுதி வைத்திருக்கிறேன். தமிழில்தான். முதலில், 'என்னால் சத்தமாகப் படிக்க முடியாது, ஆகவே என்னைக் கேட்காதீர்கள்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது பிடிக்கவில்லை. அந்த 'ஆகவே'க்குப் பிறகு நடப்பதற்கு எதுவுமே மிச்சமில்லாத மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். இப்போது இருப்பது இது. 'எனக்கு எழுந்து படிக்கப் பயம். கொஞ்ச காலம் என் வாக்கியத்தை எழுதித் தருகிறேன். அப்புறம் கேளுங்கள். வரவில்லை என்றால் உட்காரச் சொல்லுங்கள். நிற்கும்போது எனக்கு எதுவும் ஞாபகம் வருவதில்லை.'

நீ கூட வா. உள்ளே மட்டும் வராதே. ஆபீஸ் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச் இருக்கிறது, அங்கே உட்கார்ந்துகொள். நீ உள்ளே வந்தால் நான் உன் பின்னால் போய் நின்றுவிடுவேன். கால் தானாகப் போகும். டீச்சர் தாளைப் படித்துவிட்டு ஏதாவது கேட்டு, எனக்குப் பதில் வராமல், நேரம் ஆகும். ஆனாலும் எழுந்து வராதே.

சாயங்காலம் மட்டும் கடைக்கு வரட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். வாயால்தான் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு, காதுல சரியா விழல" என்றார். நன்றாக விழுந்திருந்தது. சும்மாதான் கேட்டார். இன்னொரு தடவையும் சொன்னேன்.

நீ திரும்பிப் போவதைப் பற்றியும் இதில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். போகாதே என்று எழுதினால் போகமாட்டாய். போ என்று எழுதினால் அது பொய். இரண்டையும் எழுதவில்லை.

நீ படித்து முடிக்கும்வரை நான் சமையலறையில் இருப்பேன். கதவு சாத்தியிருக்கும். தாழ் போடவில்லை.

நான்